சத்தம் நின்ற இடம்

புருஷனைச் சந்தேகப்பட்டு எங்கள் துப்பறியும் ஆபீஸ் படியேறும் பெண்கள் வழக்கமாக ஒரு போட்டோவோடு வருவார்கள். இவள் ஒரு சைக்கிள் செயினோடு வந்தாள்.

பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்த அதைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். நடுவில் நான்கைந்து கண்ணிகள் நசுங்கியிருந்தன. கறுப்பு மசகு, என் முதலாளி ஊசி மேடத்தின் குறிப்பு நோட்டில் ஒரு கோடு இழுத்தது.

"இது என் தங்கச்சியோட ரேஸ் சைக்கிள் செயின். ஞாயித்துக்கிழமை இது கழண்டு, அவ கீழ விழுந்து, இடது பக்கம் காறை எலும்பு உடைஞ்சிருச்சு. அத வேணும்னே செஞ்சது என் புருஷனா இல்லையான்னு எனக்குத் தெரியணும். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள."

அப்போது மணி பதினொன்று. நான் கடிகாரத்தைப் பார்த்ததை மேடம் பார்த்தார்.

மேடத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். தீ விபத்து இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் இருந்தவர். எரிந்த கடையைப் போய்ப் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, முதலாளி பிடிக்க வைத்தாரா என்று சொல்லும் வேலை. நுழைந்த இடம் தெரியாது, வலி மட்டும் பிறகு தெரியும் என்பதால் ஊசி என்று பேர் வந்தது. என் பேர் வால். முன்பு ஊரில் செய்த சேட்டைக்கு வைத்தது, இப்போது அவர் பின்னாலேயே போவதால் பொருத்தமாகவும் ஆகிவிட்டது. வயது முப்பத்தெட்டு, தலையில் வழுக்கை, வயிற்றில் வளம்.

"ஆறு மணிக்கு என்ன?" என்றார் மேடம்.

"கிளப் செக்ரட்டரி வீட்டுக்கு வர்றாரு. தங்கச்சி புகார் எழுதி வச்சிருக்கா. அவர் முன்னாடி கையெழுத்துப் போட்டா என் புருஷன் இனிமே எந்த ரேஸ் வண்டியையும் தொட முடியாது. போலீஸுக்கும் போகும். அவருக்குக் கைவேலை தவிர வேற ஒண்ணும் தெரியாது மேடம்."

"அவர்தான் வண்டி மெக்கானிக்கா?"

"ஆமா. கீழ கடை, மேல வீடு. அப்பா அம்மா போனப்புறம் தங்கச்சி எங்களோடதான். நான்தான் தலை சீவி ஸ்கூலுக்கு அனுப்பி வளர்த்தேன்."

"அவர் மேல ஏன் சந்தேகம்?"

அவள் மேடத்தின் முகத்தையே பார்த்தாள். திடீரென்று கை நீட்டி, மேடத்தின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து குண்டூசி அளவு திருப்புளி ஒன்றை எடுத்து, இடது காதுப் பக்கத் திருகை ஒரு சுற்று திருகி, கண்ணாடியை மறுபடியும் மேடத்தின் மூக்கில் மாட்டிவிட்டாள். மூன்று வருஷமாகச் சரிந்தே இருந்த கண்ணாடி நேராக நின்றது.

"மன்னிச்சிருங்க. கண்ணாடிக் கடையில வேலை. கோணலா எதப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது." உடனே குரல் இறங்கியது. "ரேஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவர் யார்கிட்டயோ போன்ல சொல்லிட்டிருந்தாரு. 'இந்த ரேஸ அவ ஓட்டவே கூடாது'ன்னு. என் காதாலயே கேட்டேன். இந்தச் செயினக்கூட அவர்தான் குப்பையில போட்டாரு. மடியில கனம் இல்லாதவர் ஏன் மறைக்கணும்? நாலு நாளாச்சு. 'செஞ்சீங்களா'ன்னு கேட்டேன். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அதுக்கப்புறம் நாங்க பேசிக்கிறதே இல்ல."

"பொய் சொல்ற ஆளா?"

"கடைக்கு வர்றவங்ககிட்ட 'நாளைக்கு ரெடியாயிடும்'னு சொல்லுவாரு. அதத் தவிர பொய் சொன்னதில்ல."

அவள் போனதும் நான் தீர்ப்பை எழுதிவிட்டேன். "மேடம், வேலியே பயிர மேஞ்சிருக்கு. மச்சினி ஜெயிச்சு வெளியூர் கேம்ப்புக்குப் போயிட்டா, கடைக்கு விளம்பரம் போயிரும். ஆள் காலை வாரிட்டான்."

"காலை வாரலடா, செயின வாரியிருக்கான். இது எந்தப் பக்கம் நசுங்கியிருக்கு பாரு. பெரிய பல்சக்கரத்தத் தாண்டி வெளிப்பக்கமா விழுந்து, பெடல் தண்டுல மாட்டியிருக்கு. வா."

கடை ஒரு நீளமான அறை. சுவரில் ஸ்பேனர்கள் உயர வரிசையில் தொங்கின, ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் வடிவம் பெயின்ட்டில் வரைந்திருந்தது. மெக்கானிக் ஒல்லியான மனிதர், தலை நிமிராமல் ஒரு சக்கரத்தின் கம்பிகளை மீட்டி மீட்டிச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் யாரென்று சொன்னோம். "மேல இருக்கா" என்று மட்டும் சொல்லி மாடிப்படியைக் கையால் காட்டினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. துப்பறிய வந்தவர்களிடம் கேள்வியே கேட்காத ஆள் என் கண்ணில் உடனே குற்றவாளி ஆகிவிடுகிறான்.

மாடியில் தங்கை தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. இடது கை கழுத்தில் தொங்கும் துணிக்கட்டில் இருந்தது. முகத்தில் சிராய்ப்பைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"பதினொரு கிலோமீட்டர். நடுவுல ஒரே ஒரு மேடு. மேட்டுல சின்னப் பல்சக்கரத்துக்கு மாத்தினேன், ஏறினேன். மேல போனதும் பெருசுக்கு மாத்த பட்டன அமுக்கினேன். செயின் தாண்டிப் போயிருச்சு. அப்ப நான்தான் முதல்ல இருந்தேன்."

இந்த இடத்தில் வண்டியைப் பற்றி எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். பெடலுக்குப் பக்கத்தில் பெரிதும் சிறிதுமாய் இரண்டு பல்சக்கரங்கள். செயினை ஒன்றிலிருந்து மற்றதற்குத் தள்ளுவது முன் டீரெய்லர் என்ற பொருள். இரண்டு தகடுகள், நடுவில் செயின், அவ்வளவுதான். சாதாரண வண்டியில் அதைக் கம்பி இழுக்கும். இந்த வண்டியில் கம்பி கிடையாது. பாட்டரி, ஒரு குட்டி மோட்டார், கைப்பிடியில் பட்டன். தகடு நகத்தின் கனம் அளவு வெளியே தள்ளி நின்றால் போதும், செயின் பெரிய சக்கரத்தில் ஏறி உட்காராமல் மறுபக்கம் குதித்துவிடும்.

"அத்தான்தான் செஞ்சாருன்னு எப்படிச் சொல்ற?" என்றார் மேடம்.

"ரேஸுக்கு முன்னாடி ஸ்டாண்டுல வச்சு இருபது நிமிஷம் மிதிச்சு உடம்பச் சூடு பண்ணுவோம். பின் சக்கரத்தக் கழட்டிட்டு வண்டிய அதுல மாட்டணும். நின்ன இடத்துலயே ஓடும். நான் தலையில ஈரத்துண்டு போட்டு, கண்ண மூடி, மூச்ச எண்ணிட்டிருந்தேன். அப்ப யாரோ குனிஞ்சாங்க. ஸ்ர்ர்னு மோட்டார் சத்தம். நாலு தடவ. டீரெய்லர நகத்துற சத்தம் அது."

"பார்த்தியா?"

"பாக்கணுமா? அத எப்படி நகத்துறதுன்னு வேற யாருக்குத் தெரியும்? கோச்சுக்கு டயருக்குக் காத்தடிக்கவே தெரியாது. அத்தானத் தனியா கேட்டா 'நான் அங்க இல்ல'ன்னாரு. நாலு சத்தத்தையும் நான் எண்ணினேன்னு சொன்னதும் முகம் மாறிப்போச்சு. அதோட வாய மூடினவர்தான், இன்னும் திறக்கல. அக்கா மனசு உடைஞ்சிரும்னு இந்தச் சத்தத்தப் பத்தி அவகிட்ட நான் சொல்லல."

"பக்கத்துல வேற யாரு இருந்தாங்க?"

"கோச் இருந்தாரு. அக்கா துண்ட நனைச்சு நனைச்சுக் குடுத்துட்டிருந்தா. சுத்தி ஆயிரம் பேரு." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு அப்பா மாதிரிங்க அவரு. அதான் தாங்க முடியல."

படுக்கையில் அவள் பக்கத்திலேயே புகார்க் கடிதம் மடித்துக் கிடந்தது. அதன்மேல் ஒரு பேனா.

கீழே இறங்கும்போது மேடம் என் காதருகில் சொன்னார். "இவ பொய் சொல்லல. அவர் அங்க இல்லன்னதும் பொய்யா இருக்காது."

"ரெண்டுல ஒண்ணு பொய்யா இருந்தே ஆகணும் மேடம்."

"உனக்கு எல்லாம் ரெண்டுல ஒண்ணுதான்."

கோச் கிளப் கொட்டகையில் இருந்தார். விசில் கழுத்தில், மொபைல் கையில். எங்களைப் பார்த்ததும் மூலையில் உறை போட்டிருந்த ஒரு சாமான் முன்னால் போய் நின்றுகொண்டார். ஒரு மனிதன் எதை மறைத்து நிற்கிறானோ அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

"மெக்கானிக் ஸ்டாண்டுகிட்ட வந்தாரா?"

"இல்லையே. சக்கரம் பரிசோதனை பண்ற மேஜைகிட்ட வரிசையில நின்னாரு. பின் சக்கரத்தோட. ஏழு மணியில இருந்து ஏழே முக்கால் வரைக்கும். நடுவுல நானே என் கண்ணால பார்த்தேன்."

"அந்த மேஜை எங்க இருந்துச்சு?"

"மைதானத்துக்கு அந்தக் கோடியில."

மேடம் தன் நேரான கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். "அந்தக் கோடியில இருந்தவர நீங்க பார்த்தீங்கன்னா, இந்தக் கோடியில நீங்க பயிற்சி குடுக்கிற பொண்ணு பக்கத்துல நீங்க இல்ல."

கோச்சின் விசில் கொஞ்சம் ஆடியது. தலையைச் சொறிந்தார். "பத்து நிமிஷம் நகர்ந்தேன். அவ்வளவுதான். அன்னைக்கு ஜெயிச்ச பொண்ணும் என்கிட்டதான் பயிற்சி. ரேஸுக்கு முன்னாடி அது ஒரே அழுகை. போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்தேன். இது செக்ரட்டரிக்குத் தெரிஞ்சா, ஒருத்திய விழவச்சு இன்னொருத்திய ஜெயிக்க வச்சேன்னு கதை கட்டிருவாங்க."

"கட்ட மாட்டோம். அப்படியே எழுதிக்குவோம்" என்றேன் நான்.

"வாலு, சும்மா இரு. மெக்கானிக் உங்ககிட்ட போன்ல 'இவ ஓட்டக் கூடாது'ன்னு சொன்னாரா?"

"ஆமா. அந்தப் புள்ளைக்கு ஒரு வாரம் காய்ச்சல். இன்னும் உடம்பு தேறல, தள்ளிப் போடுங்கன்னு கெஞ்சினாரு. நான்தான் கேக்கல."

அந்த ஒரு வாக்கியத்தில் மெக்கானிக்கின் நோக்கம் புஸ்ஸென்று போனது. நான் அவசரமாகக் கோச்சைக் குற்றவாளியாக்கிக்கொண்டேன். இரண்டு பெண்கள், ஒரு கோச், பத்து நிமிஷம் காணோம். பொருத்தம் அமோகமாக இருந்தது.

"உறைக்குள்ள என்ன?" என்றார் மேடம்.

"அந்த ஸ்டாண்டுதான்."

"ஒரு நாளைக்கு வேணும்."

அவர் தயங்கினார். மேடம் காத்திருந்தார். மேடம் காத்திருந்தால் எதிராளிக்கு வியர்க்கும். கடைசியில் ஸ்டாண்டை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். பதினெட்டு கிலோ. துப்பறியும் தொழிலில் மூளை மேடத்துடையது, முதுகு என்னுடையது.

கடைக்குத் திரும்பும்போது மணி நாலரை. மெக்கானிக் அந்த வண்டியைக் கொக்கியில் மாட்டியிருந்தார். புதுச் செயின் போட்டிருந்தார். மேடம் டார்ச் அடித்து முன் டீரெய்லரை அரை அங்குல தூரத்திலிருந்து பார்த்தார். அதன் திருகுகள்மேல் மஞ்சள் பெயின்ட்டில் மெல்லிய கோடு போட்டிருந்தது. கோடு உலோகத்திலிருந்து திருகின் தலைவரைக்கும் உடையாமல் ஒரே இழுப்பாக ஓடியது.

"இது எதுக்கு?"

"வேலை முடிஞ்சதும் போடுவேன். யாராவது திருகினா கோடு விலகிரும்."

"விலகல. அப்ப ஸ்பேனர், திருப்புளி எதுவும் படல. பட்டனால மட்டும் நகத்தியிருக்காங்க. எப்படி நகத்துறது?"

அவர் தயக்கத்தோடு காட்டினார். கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு பொத்தான். சிவப்பு விளக்கு வரும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு கைப்பிடிப் பட்டனை ஒரு தடவை தட்டினால் தகடு மயிரிழை நகரும்.

"விழுந்தப்புறம் இதத் தொட்டீங்களா?"

"இல்ல. செயின மட்டும்தான் மாத்தினேன். நசுங்கினத அவ கண்ணுல படாம குப்பையில போட்டேன்."

"அப்ப தகடு ஞாயித்துக்கிழமை நின்ன இடத்துலயே நிக்குது. ரேஸுக்கு முன்னாடி நீங்க வச்ச இடத்துக்கு அதத் திருப்பிக் கொண்டுவாங்க."

சிவப்பு விளக்கு வந்தது. ஸ்ர்ர். ஸ்ர்ர். ஸ்ர்ர். ஸ்ர்ர். நிறுத்தினார்.

"அளவு எதுவும் வச்சுப் பாக்காம நாலோட நிறுத்தினீங்க. எத்தனை தடவை நகந்திருக்குன்னு ஏற்கனவே தெரியும், இல்ல?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "நான்தான்னு வச்சுக்குங்க மேடம்."

"வச்சுக்க இது அடகுக் கடையா சார்?" என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. "ஒருத்தர் கெடுக்கணும்னு நினைச்சா எதுக்கு நாலோட நிறுத்தணும்? பத்து தட்டு தட்டலாம், இருபது தட்டலாம். நாலுல நிறுத்தினவங்க ஏதோ ஒரு இடம் வந்ததும் போதும்னு நிறுத்தியிருக்காங்க. அது எந்த இடம்னு பாத்துரலாம். வாலு, பின் சக்கரத்தக் கழட்டு. வண்டிய ஸ்டாண்டுல மாட்டு."

"அந்த ஸ்டாண்டு இங்க வேணாம்" என்றார் மெக்கானிக்.

அதுவரை அவர் வாயிலிருந்து வந்த குரல் வேறு, இந்தக் குரல் வேறு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அந்தக் குறுகுறுப்பு காதிலேயே கேட்டது.

"ஏன்?"

"மேடம், இத இதோட விட்டுருங்க. ஆறு மணிக்கு செக்ரட்டரி வந்தா நானே ஒத்துக்கிறேன். கைத்தப்பு இல்ல, வேணும்னே செஞ்சேன்னுகூட எழுதிக்கிட்டும்."

ஆள் மாட்டிக்கொண்டான் என்று நான் முடிவு கட்டினேன். கோச்சை அந்த நிமிஷமே விடுதலை செய்தேன். மேடம் மட்டும் அவரை, காய்ச்சலில் கிடக்கிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏறு" என்றார்.

"எதுல?"

"வண்டியில. மிதி."

முப்பத்தெட்டு வயதில், வளமான வயிற்றோடு, ஒரு பந்தயக்காரியின் சீட்டில் நான் ஏறியதை வர்ணிக்கப் போவதில்லை. முன்னால் பெரிய சக்கரம், பின்னால் ஆகச் சின்னது என்று மேடம் செயினை மாற்றச் சொன்னார். மிதித்தேன். கீழே கிர், கிர், கிர் என்று ஒரு உரசல் கிளம்பியது. செயின் வெளித்தகட்டில் உரசியது. பல்லில் மணல் கடிபடுவது போன்ற சத்தம்.

"இது ஏன் உரசுது?" என்றார் மேடம். "உங்க இடத்துல, உங்க அளவுலதானே இருக்கு?"

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அப்போதுதான் அக்கா கடைக்குள் வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். கையில் தங்கைக்கு மருந்துக் கடைப் பை. புருஷனைப் பார்த்தாள், பார்வையை நகர்த்திக்கொண்டாள்.

"என்ன மேடம், தெரிஞ்சுதா?"

"கொஞ்சம் பொறும்மா. ஒரு சோதனை ஓடுது."

மெக்கானிக் ஒரு அடி முன்னால் வந்தார். மேடம் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் நின்றுவிட்டார். கடையில் கிர், கிர், கிர் மட்டும். அரை நிமிஷம் போனது. அக்கா நெற்றியைச் சுருக்கினாள். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"காது கூசுது" என்றாள்.

அவள் பையைத் தரையில் வைத்தாள். என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். ஒரு கையால் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். சிவப்பு விளக்கு வந்தது. இன்னொரு கையைக் கைப்பிடிக்குக் கொண்டுபோனாள். கண் செயின்மேல், தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சத்தத்தைக் கேட்டது.

ஸ்ர்ர். ஸ்ர்ர். ஸ்ர்ர்.

உரசல் மெலிந்தது. ஸ்ர்ர். நின்றுபோனது. என் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"அவ்வளவுதான். வெறும் உரசல். அன்னைக்கும் இப்படித்தான், நாலு தட்டு..."

அவள் குனிந்தபடியே நின்றாள். மெல்ல நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தாள். பேயறைந்த முகம் என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், பார்த்தது அன்றைக்குத்தான். நான் மிதிப்பதை நிறுத்தினேன்.

"நான் சரிதானே பண்ணேன்" என்றாள். யாரைப் பார்த்துக் கேட்டாள் என்று தெரியவில்லை. "சத்தம் நின்னுடுச்சே. சத்தம் நின்னா சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம். ஒன்பது வருஷமா நீங்க பண்றதப் பாத்துட்டிருக்கேன். அப்படித்தானே பண்ணுவீங்க?"

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு, மிக மெதுவாகப் பேசினார். "ஸ்டாண்டுல இருக்கிற பின் பல்சக்கரம் வேற. நம்ம சக்கரத்துல இருக்கிறது வேற. ரெண்டும் ஒரே இடத்துல உக்காராது. ஸ்டாண்டுல ஒரு நகக்கண் அளவு வெளிய தள்ளி இருக்கும். அதனால அங்க உரசத்தான் செய்யும். அத அப்படியே விட்டுரணும். அதுக்கேத்த மாதிரி தகட்ட நகத்தினா, நம்ம சக்கரம் போட்டதும் தப்பாயிரும்."

"எனக்கு அது தெரியாதே."

"தெரியாது. நான் உனக்குச் சொன்னதில்ல."

இது கெடுத்த வேலையே இல்லை. சரிசெய்த வேலை. கோணலைக் கண்டால் சும்மா இருக்காத ஒரு கை, தங்கை நிம்மதியாக மிதிக்கட்டும் என்று செய்த வேலை. எங்கள் ஆபீஸில் முன்பின் தெரியாத மேடத்தின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றியபோதே அந்தக் கையை மேடம் பார்த்துவிட்டார். நான் கண்ணாடியை மட்டும் பார்த்தேன்.

எனக்கு மேடம் மேல் கோபம் கோபமாக வந்தது. "நேரா சொல்லியிருக்கலாமே மேடம். இப்படியா?"

"நான் சொல்லியிருந்தா, புருஷன் விலைக்கு வாங்கின ஆளுன்னு நினைச்சிருப்பா. அவ கையே சொன்னா நம்பாம இருக்க முடியாது." மேடத்தின் குரலும் சரியாக இல்லை.

அக்கா புருஷனிடம் போய் நின்றாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பாப்பா என்கிட்ட நாலு சத்தம் எண்ணினேன்னு சொன்னா, அன்னைக்கே."

"நாலு நாளா நான் உங்கள என்னவெல்லாம் நினைச்சேன். தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ என்னைச் சந்தேகப்பட்டா நான் தாங்கிக்குவேன். வலிச்சுது, இல்லன்னு சொல்லல. ஆனா பாப்பா விழுந்தது உன்னாலன்னு தெரிஞ்சா நீ தாங்க மாட்ட. அப்புறம், தப்பு எனக்கும் இருக்கு. சக்கரத்த மாட்டினப்ப பின் கியர் மட்டும்தான் பாத்தேன். முன்னால நான் வச்சது வச்சபடி இருக்கும்னு நம்பிட்டேன். ஒரு தட்டு தட்டிப் பாத்திருந்தா அவ விழுந்திருக்க மாட்டா."

அவள் அழுதாள். கடையில் உட்கார இடம் தேடி, இல்லாமல், டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து அழுதாள். அவர் கையை அவள் தோளில் வைக்கப் போய், மசகைப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

"யாரு என் வண்டிய ஓட்டுறது?"

மாடிப்படியில் தங்கை. துணிக்கட்டில் ஒரு கை, புகார்க் கடிதத்தோடு மறு கை. நான் சீட்டிலிருந்து இறங்கப் பார்த்தேன், கால் மரத்துப்போய் இறங்க முடியவில்லை.

அக்கா எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. "பாப்பா, நான்தான். அன்னைக்கு உன் பக்கத்துல குனிஞ்சது அத்தான் இல்ல. நான். உரசுற சத்தம் கேட்டுச்சு, சரி பண்றேன்னு கெடுத்துட்டேன். அத்தான் அங்க வரவே இல்ல."

தங்கை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"உரசல் எனக்கும் கேட்டுச்சு அக்கா" என்றாள் கடைசியில். "அது நின்னதும், அத்தான் வந்துட்டாரு, இனி கவலை இல்லன்னு நினைச்சேன். அதனாலதான் நான் கண்ணத் திறக்கல."

செக்ரட்டரி உள்ளே வந்தார். தடித்த மனிதர், கையில் ஃபைல். ஸ்டாண்டில் நான் உட்கார்ந்திருப்பதையும் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, எதுவும் கவனிக்காததுபோல் கேட்டார். "கையெழுத்துப் போட்டாச்சாம்மா?"

"எழுதுறதா இருந்தா என் பேர எழுதுங்க சார்" என்றாள் அக்கா.

"அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரு." தங்கை எழுந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். "எனக்கு ஒரு வருஷம் போச்சு. அந்தக் கோவம் இருக்கு. எத்தனை நாள் இருக்கும்னு தெரியல. உன்மேலயும் இருக்கு, யாருகிட்டயும் சொல்லாம மென்னு முழுங்கின அத்தான் மேலயும் இருக்கு. எழுதினது நான், என் மேலயும் இருக்கு."

அவள் மெக்கானிக் முன்னால் வந்து நின்றாள். கடிதத்தின் ஒரு முனையைப் பிடித்தபடி மறு முனையை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒரு கைதான் இருக்கு அத்தான். அந்தப் பக்கம் புடிங்க."

அவர் துணியைத் தேடினார். அவசர அவசரமாகக் கையைத் துடைத்தார்.

"கை அழுக்கு, பாப்பா."

"பரவால்ல, புடிங்க."

அவர் பிடித்தார். அவள் இழுத்தாள்.